அடுப்பை அணைத்துவிட்டு ஐந்து நாள்!

சகோதரிகளே, உங்களில் எத்தனை பேர் ஒரு பாட்டை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை எழுந்திருக்காமல் கேட்டிருக்கிறீர்கள்? பல்லவி வரும்போது பால் பொங்கும். அனுபல்லவிக்குக் குக்கர் கூப்பிடும். சரணம் வருவதற்குள் வாசலில் காய்க்காரர் வந்து நிற்பார். நம் காதில் விழுந்த பாட்டெல்லாம் பாதிப் பாட்டுதான்.

என் அம்மாவும் அப்படித்தான். தை மாதம் பஹுள பஞ்சமி அன்று திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகளின் ஆராதனை நடக்கும். காலை 9 மணிக்கு ரேடியோவில் பஞ்சரத்ன கீர்த்தனைகளை நேரடியாகவே ஒலிபரப்புவார்கள். அன்று அம்மா விடியற்காலையிலேயே தலைக்குக் குளித்து, ரேடியோ பெட்டிக்கு எதிரே மணை போட்டு உட்கார்ந்துவிடுவாள். முதல் பாட்டு நாட்டை ராகம். அது மட்டும் முழுசாகக் கேட்கும். இரண்டாவது கௌளை ஆரம்பிக்கும்போது அப்பாவுக்கு ஆபீஸ் நேரம். சாதம் போட எழுந்து போவாள். அப்புறம் எங்கள் டிபன் டப்பா, தலைப்பின்னல். ஆரபியும் வராளியும் சமையலறைக்குப் போய்ச் சேராது. திரும்பி வந்து உட்காரும்போது ஐந்தாவது ஸ்ரீ ராகம் முடிகிற சமயமாக இருக்கும்.

"ஒரு வருஷம் திருவையாற்றுக்கே போய் உட்கார்ந்து ஐந்தையும் கேட்கணும்டி. பஞ்சரத்னம் மட்டுமில்லே, அஞ்சு நாள் கச்சேரியும் ஒண்ணு விடாம" என்பாள். நாங்கள் இருந்ததோ கும்பகோணம். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஆனாலும் அந்த ஒரு வருஷம் வரவே இல்லை. 2022-ல் அம்மா போய்விட்டாள்.

பரீட்சை நேரத்தில் பாட்டா?

2024-ல் ஜனவரி 26 முதல் 30 வரை ஆராதனை என்று பேப்பரில் பார்த்தேன். சுவாமிகள் சித்தியடைந்தது 1847 ஜனவரி 6-ந் தேதி. அதிலிருந்து இது 177-ஆவது ஆராதனை. போயே தீர்வது என்று மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன். வாயைத் திறந்து சொல்லத்தான் நாலு நாளாயிற்று. காரணம், என் பையன் பிளஸ் டூ. மார்ச்சில் பரீட்சை. பெண் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருக்கிறாள். வீட்டில் மாமியாருக்கு வயது 73, சர்க்கரையும் உண்டு. ஈரோட்டில் இதையெல்லாம் போட்டுவிட்டு நான் பாட்டுக் கேட்கப் போவதா?

பக்கத்து வீட்டு அக்கா, "பையனுக்குப் பரீட்சை முடியட்டுமே. பாட்டு எங்கே போயிடப் போகுது?" என்றார். தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் அம்மாவும் இப்படியேதான் எங்கள் பரீட்சை முடியட்டும், கல்யாணம் முடியட்டும், பிரசவம் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனாள் என்பது என் நினைவுக்கு வந்தது.

என் கணவர் "உன் இஷ்டம்" என்று பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டார். அது சம்மதமா, கோபமா என்று இத்தனை வருஷத்தில் எனக்குப் பிடிபட்டதில்லை. மாமியார் ஒன்றுமே சொல்லவில்லை.

புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, இரண்டு நாளுக்கு இட்லி மாவு, மாமியாரின் மாத்திரைகள் வேளைவாரியாகச் சின்னச் சின்ன டப்பாக்களில். இத்தனையும் தயார் செய்து, ஒரு பவானி ஜமுக்காளத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினேன். துணைக்கு என் சித்தி. அம்மாவுக்கு அடுத்துப் பிறந்தவள், தஞ்சாவூரில் இருக்கிறாள். சித்திக்குத் தெரிந்தவர் வீடு திருவையாற்றில் இருந்தது. அவர்கள் வாசல் அறையை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள்.

டிக்கெட்டும் இல்லை, சன்மானமும் இல்லை

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு சுமார் 12 கிலோ மீட்டர்தான். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஆறுகளைத் தாண்டித் தாண்டிப் போகிறது பஸ். காவிரிக் கரையில்தான் சுவாமிகளின் சமாதி. அதை ஒட்டிப் பெரிய பந்தல். தரையில் விரித்திருக்கிறார்கள், அவரவர் இடம் பிடித்து உட்கார வேண்டியதுதான். டிக்கெட் கிடையாது, பாடுகிறவர்களுக்குச் சன்மானமும் கிடையாது. பட்டி தொட்டியெல்லாம் பெயர் தெரிந்த வித்வானும் வந்து பாடுகிறார். யாருக்கும் பெயர் தெரியாத டீச்சரம்மாவும் வந்து பாடுகிறார். இருவருக்குமே இது கச்சேரி இல்லை, அஞ்சலி. பெரியவர்களுக்குச் சுமார் இருபது நிமிஷம், மற்றவர்களுக்கு அதைவிடக் குறைவு.

முதல் நாள் நாகஸ்வரத்துடன் தொடங்கியது. மறுநாளிலிருந்து காலை முதல் இரவு 11 மணி வரை ஓய்வில்லை. பக்கத்தில் பக்கத்தில் மேடை. ஒருவர் மங்களகரமாக முடிக்கும்போதே அடுத்தவர் சுருதி சேர்த்துத் தயாராக இருக்கிறார். வாய்ப்பாட்டு, வீணை, புல்லாங்குழல், வயலின், நாகஸ்வரம் என்று மாறி மாறி வருகிறது.

நான் ஒரு 40 பக்க நோட்டு வாங்கி வைத்திருந்தேன். ஒவ்வொருவர் பாடி முடித்ததும் தெரிந்தால் ராகம் எழுதுவது, தெரியாவிட்டால் 'நீலப் பாவாடைப் பெண்', 'நடுங்கும் குரல் பெரியவர்' என்று அடையாளம் எழுதுவது என்று ஏற்பாடு. கல்யாணத்துக்கு முன் ஏழு வருஷம் பாட்டுக் கற்றுக்கொண்டவள் நான். அதில் மிச்சமிருப்பது எவ்வளவு என்று பார்க்கவும் ஓர் ஆசை.

நோட்டில் விழுந்த ஓட்டைகள்

இரண்டாம் நாள் ராத்திரி அறைக்கு வந்து நோட்டைப் புரட்டினேன். 11 இடம் காலி! பந்தலை விட்டு நகராமல் இருந்தவளுக்கு எப்படி 11 இடம் காலி?

எல்லாம் செல்போன் செய்த வேலை. காலையில் 'கேஸ் வந்துவிட்டதா?' என்று கேட்க எழுந்து வெளியே போனேன். பிறகு 'பையன் சாப்பிட்டானா?', 'அத்தை மாத்திரை போட்டாரா?' என்று இன்னும் சில தடவை. உட்கார்ந்திருந்த நேரத்திலும் மனசு மாவு புளித்துவிடுமோ என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. சித்தி சிரித்தாள்.

"ஏண்டி, உடம்பை இங்கே உட்கார வச்சுட்டு மனசை ஈரோட்டு அடுப்பு மேலேயே வச்சிருக்கியே. அது அங்கே கொதிச்சிண்டே இருக்கு. உங்க அம்மா ரேடியோ எதிரே பண்ணினதை நீ பந்தல்ல பண்றே. அவ்வளவுதான் வித்தியாசம்."

சுருக்கென்றது. உண்மைதானே! அம்மாவை எழுப்பியது அப்பாவின் ஆபீஸ் நேரம். என்னை யாருமே எழுப்பவில்லை, நானாக எழுந்து எழுந்து போனேன். முப்பது வருஷப் பழக்கம் காலில் ஏறிவிட்டது. காலை 9 முதல் 1 வரை, சாயங்காலம் 4 முதல் 8 வரை போனைத் தொடுவதில்லை என்று அன்று ராத்திரி தீர்மானம் செய்துகொண்டேன். அவசரம் என்றால் கூப்பிட, சித்தியின் நம்பரை மட்டும் வீட்டில் சொல்லிவைத்தேன்.

பின்புறம் நின்று பாடிய பெண்கள்

மூன்றாம் நாள் காலை, கச்சேரி ஆரம்பிக்குமுன் சமாதியைச் சுற்றி வந்தோம். எதிரே ஓர் அம்மாள் சிலையாக உட்கார்ந்திருக்கிறார், சுவாமிகளைப் பார்த்தபடி. அவர்தான் பெங்களூர் நாகரத்தினம்மாள்.

இவர் 1878-ல் மைசூர் பக்கம் நஞ்சன்கூட்டில் பிறந்தவர். தேவதாசி மரபில் வந்த பெரிய பாடகி. சென்னையில் பேரும் புகழுமாக இருந்தபோது, குரு பிடாரம் கிருஷ்ணப்பாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. திருவையாற்றில் சுவாமிகளின் சமாதி கவனிப்பாரின்றிக் கிடக்கிறது என்று அதில் எழுதியிருந்தார். அந்த அம்மாள் நேரில் வந்து பார்த்தார். பாடிச் சம்பாதித்த பணம், நகை எல்லாவற்றையும் செலவழித்து, 1920-களில் இங்கே கோயில் எழுப்பினார்.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. கோயில் கட்டிய கைக்கு ஆராதனையில் பாட இடமில்லை! அப்போது ஆராதனையைப் பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று வித்வான்கள் இரண்டு பிரிவாக நடத்தி வந்தார்கள். பெண்கள் பாடுவது வழக்கமில்லை. அந்த அம்மாள் என்ன செய்தார் தெரியுமா? அழுதுகொண்டு ஊருக்குத் திரும்பவில்லை. பெண்களை ஒன்று சேர்த்துத் தனியாகவே ஒரு ஆராதனை தொடங்கிவிட்டார். முன்பக்கம் அவர்கள் பாட, சமாதியின் பின்பக்கம் இவர்கள் பாடினார்கள். 1940-41 வாக்கில் எல்லாக் கட்சிகளும் ஒன்றாகி, பெண்களும் சேர்ந்து பாடும் வழக்கம் வந்தது. கடைசிக் காலத்தில் இங்கேயே வந்து தங்கி, 1952-ல் இங்கேயே கண்ணை மூடினார். சுவாமிகளுக்கு எதிரே அவருக்கும் இடம் கிடைத்தது.

இன்று மேடையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்து பாடுகிறார்களே, அந்தப் பெண்கள் பக்கம் சும்மா வந்துவிடவில்லை. 'பாட்டு எங்கே போயிடப் போகுது' என்று அந்த அம்மாளும் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

வந்தது போன்!

அன்று மத்தியானம் சித்தியின் போன் அடித்தது. என் கணவர். பையனுக்கு ஜுரம், 101 டிகிரி.

கை கால் ஓடவில்லை. அங்கேயே ஜமுக்காளத்தைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டேன். டாக்டரிடம் காட்டியாகிவிட்டது, சாதாரணச் சளி ஜுரம்தான், மாத்திரை கொடுத்திருக்கிறார் என்று அவர் சொன்னது காதில் ஏறவே இல்லை. "நான் சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பறேன்" என்றேன்.

போனை யாரோ வாங்கும் சத்தம் கேட்டது. மாமியார்!

"இந்தா பாரு, நீ வந்து என்ன செய்யப் போறே? கஞ்சி வைக்க எனக்குத் தெரியாதா? உன் புருஷனை நாலு ஜுரத்துலேயிருந்து எழுப்பி உக்கார வச்சவ நான். உங்க அம்மாதான் கேக்காமலே போயிட்டா. நீ அஞ்சையும் கேட்டுட்டு வா."

இருபத்திரண்டு வருஷத்தில் என் மாமியார் என்னிடம் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. அம்மா ரேடியோ எதிரே உட்கார்ந்த கதையை எப்போதோ ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். அதை நினைவில் வைத்திருந்திருக்கிறார்!

ஆனாலும் உள்ளதைச் சொல்கிறேன். அன்று சாயங்காலம் பாடியவர்கள் பாட்டு எதுவும் எனக்குள் போகவில்லை. இருக்கலாமா, கிளம்பலாமா என்று ஒரே போராட்டம். ராத்திரி எட்டு மணிக்குப் பையனே பேசினான். "ஜுரம் நூறுக்கு இறங்கிடுச்சும்மா. பாட்டி ரசம் காரமே இல்லை. நீ வராதே, அங்கேயே இரு" என்றான். அதற்குப் பிறகுதான் மூச்சு வந்தது. மறுநாள் காலை ஜுரம் சுத்தமாக விட்டுவிட்டது. இறங்கியிருக்காவிட்டால் நான் கிளம்பித்தான் வந்திருப்பேன். அதையும் மறைக்கவில்லை.

முழுசாகக் கேட்டால் என்ன தெரிகிறது?

நாலாம் நாள் நோட்டில் ஒரு இடம்கூடக் காலி இல்லை. அன்றைக்குத்தான் எனக்குச் சில விஷயங்கள் புரிந்தன.

பெரிய வித்வான் பாடும் நேரம் பார்த்து வந்து, கேட்டுவிட்டுப் போகிறவர்கள் நிறைய. அவர்களுக்குக் கிடைப்பது நல்ல பாட்டு. ஆனால் காலையிலிருந்து உட்கார்ந்தால்தான் பாடுகிறவர்கள் தெரிகிறார்கள். ஒன்பது வயதிருக்கும் ஒரு பெண், ஆரம்பத்திலேயே சுருதி விட்டுவிட்டாள். மேடையோரம் நின்ற அவள் அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. அந்தக் குழந்தை நிறுத்தி, எச்சில் விழுங்கி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து அழகாக முடித்தது. வயசான ஒருவர் மேல் ஸ்தாயிக்குப் போகாமல் கையால் காட்டிவிட்டுக் கீழே இறங்கினார். பக்கவாத்தியக்காரர் பையன் வயசு. அந்த இடத்தை வயலினில் அவன் எடுத்துக் கொடுத்தான். ஒரே கீர்த்தனையைக் காலையில் ஒருவரும் சாயங்காலம் ஒருவரும் பாடினார்கள், ஒன்று போல் ஒன்று இல்லை. நம் வீட்டு ரசம் மாதிரிதான், அதே புளி, அதே பருப்பு, கைக்குக் கை வேறு!

ஐந்தாம் நாள்

30-ந் தேதி காலை. சுவாமிகள் வாழ்ந்த வீட்டிலிருந்து உஞ்சவிருத்தி ஊர்வலம் சமாதிக்கு வந்தது. ஒன்பது மணி வாக்கில் மேடை முழுதும் வித்வான்கள், விதூஷிகள். அந்தப் பக்கம் சுவாமிகளுக்கு அபிஷேகம், இந்தப் பக்கம் எல்லாரும் ஒரே குரலாகப் பஞ்சரத்னம். பந்தலில் இருக்கிறவர்களும் கையில் புத்தகத்தோடு கூடவே பாடுகிறார்கள்.

நாட்டை முடிந்தது. இது சம்ஸ்கிருதப் பாட்டு, மற்ற நாலும் தெலுங்கு. கௌளை ஆரம்பித்தது. என் கால் தானாக அசைந்தது, எழுந்திருக்கிற நேரமாயிற்றே! சித்தி என் முழங்காலில் கையை வைத்து அழுத்தினாள். கௌளை ஓடியது. தன் குற்றங்களையெல்லாம் தானே சொல்லி அழுகிற பாட்டு. பிறகு ஆரபி துள்ளிக்கொண்டு வந்தது.

நாலாவது வராளி. வராளியைக் குரு நேரடியாகச் சிஷ்யனுக்குச் சொல்லித் தந்தால் இருவருக்கும் ஆகாமல் போகும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதனாலேயே என் டீச்சரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நீளமான பாட்டு, சரணம் மேல் சரணமாக வந்துகொண்டே இருக்கிறது. அம்மா ஒரு வருஷம்கூட இதைக் கேட்டதில்லை. எனக்கும் அன்றுதான் முதல் தடவை. புத்தகத்தில் எழுத்து மங்கலாகத் தெரிந்தது. சித்தியைப் பார்த்தேன், அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

உலகத்திலுள்ள மகான்களுக்கெல்லாம் வணக்கம் சொல்கிற ஸ்ரீ ராகப் பாட்டுடன் முடிந்தது. மொத்தம் சுமார் ஒரு மணி நேரம். ஒரு மணி நேரம்தான்! அம்மாவுக்கு வருஷத்தில் அந்த ஒரு மணி நேரத்தை நாங்கள் யாரும் கொடுக்கவில்லையே என்று அங்கே உட்கார்ந்து நினைத்துக்கொண்டேன். அப்பாவும் நாங்களும் அன்று ஒரு நாள் தயிர் சாதத்தை நாங்களே போட்டுக்கொண்டு போயிருக்கலாம். அது எங்களுக்குத் தோன்றவும் இல்லை, அம்மா கேட்கவும் இல்லை.

ராத்திரி ஆஞ்சநேய உற்சவம் வரை இருந்து, மறுநாள் அசோகா அல்வா வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினேன். பையன் நன்றாக இருந்தான். சமையலறையில் ஒரு பாத்திரம் அடி பிடித்திருந்தது. வேறு ஒன்றும் குடி முழுகிவிடவில்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

* ஆராதனை தேதி வருஷா வருஷம் மாறும், ஜனவரியிலோ பிப்ரவரி ஆரம்பத்திலோ வரும். பஞ்சாங்கம் பார்த்துத் தங்குமிடத்தை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். தஞ்சாவூரில் தங்கினால் ராத்திரி திரும்ப வண்டி பேசி வையுங்கள்.

* கழிப்பறைக்குப் போக வேண்டுமே என்று பெண்கள் பலர் நாள் முழுதும் தண்ணீர் குடிப்பதில்லை. இது பெரிய தப்பு. நீர்க்கடுப்பு, சிறுநீரில் கிருமி எல்லாம் இதனால்தான். போனதும் முதல் வேலையாக வசதி எங்கே இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு, வழக்கம்போல் தண்ணீர் குடியுங்கள்.

* சம்மணம் போட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்தால் கால் வீங்கும், மரத்துப்போகும். ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளியில் எழுந்து நின்று கணுக்காலைச் சுழற்றுங்கள். முழங்கால் வலிக்காரர்கள் மடக்கு ஸ்டூல் கொண்டுபோகலாம்.

* சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் பாட்டு ருசியில் சாப்பாட்டு வேளையைத் தள்ளக் கூடாது. பையில் பிஸ்கட், சுண்டல் இருக்கட்டும். திடீரென்று படபடப்பு, வியர்வை, கை நடுக்கம் வந்தால் வாயில் போட்டுக்கொள்ளக் கொஞ்சம் சர்க்கரையோ கல்கண்டோ வேண்டும்.

* ராத்திரி ஆற்றங்கரைப் பனி கடுமை. சால்வையும், குழந்தைகளுக்குக் குல்லாவும் அவசியம். கைக்குழந்தையுடன் ஒலிபெருக்கி பக்கம் உட்காராதீர்கள்.

* வீட்டில் இருப்பவர்களுக்குச் சாதம் வடிக்க, ரசம் வைக்க முன்பே பழக்கிவிடுங்கள். இது உங்கள் ஐந்து நாளுக்கு மட்டும் உதவுகிற விஷயமில்லை.

எல்லாரும் ஐந்து நாள் கிளம்ப முடியாது, எனக்குத் தெரியும். கைக்குழந்தைக்காரிக்கு ஐந்து நிமிஷமே பெரிது. இப்போது எங்கள் வீட்டில் சாயங்காலம் 6 முதல் 6.30 வரை அடுப்பு எரியாது. நான் உட்கார்ந்து பாட்டுக் கேட்பேன். சில நாள் என் மாமியாரும் வந்து பக்கத்தில் உட்காருகிறார். யாராவது "அம்மா!" என்று கூப்பிட்டால், அவரே பதில் சொல்லிவிடுகிறார்: "பாட்டு முடியட்டும்டா!"